அம்மாளாச்சிக்குப் பொங்கின கை

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அக்கா என்னைப் பேச அழைத்தபோது ஒரு நிபந்தனை போட்டார். "நீர் வைத்தியர்தான், அதுக்காக நீரிழிவைப் பற்றிப் பேச வேண்டாம். சனம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சுது. உம்மட ஊர் அம்மனைப் பற்றிப் பேசும்" என்றார். எனக்கும் அது வசதியாகப் போயிற்று. என் ஊர் தண்ணீரூற்று. வைகாசி பிறந்தால் எங்கள் வீட்டில் அடுப்பு, பானை, பேச்சு எல்லாமே வற்றாப்பளைப் பக்கம் திரும்பிவிடும். விடுதியில் என்னோடு இருந்தவர்களுக்கு நினைவிருக்கும்: பொங்கல் முடிந்து வரும் முல்லைத்தீவுப் பிள்ளைகளின் பைக்குள் புத்தகம் இராது, கச்சான் இருக்கும்.

வற்றாப்பளையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முல்லைத்தீவு மாவட்டத்தில், நந்திக்கடல் என்ற களப்பின் மேற்குக் கரையில் கண்ணகை அம்மன் கோயில் இருக்கிறது. கோயில் வீதியில் நின்று கிழக்கே பார்த்தால் தண்ணீர்; தண்ணீருக்கு அப்பால் ஒரு ஒடுங்கிய நிலத்துண்டு; அதற்கப்பால் பெருங்கடல். அந்த நிலத்துண்டின் பெயரை இன்று உலகமே அறியும். அதற்குப் பிறகு வருகிறேன்.

கோயில் கதை இது. மதுரையை எரித்த கண்ணகி கோபம் ஆறாமல் இலங்கைக்கு வந்தாள். ஒவ்வோர் இடமாகத் தங்கித் தங்கி வந்து பத்தாவதாகத் தங்கிய இடம் இது. பத்தாம் பளைதான் வற்றாப்பளை ஆயிற்று என்பார்கள். அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்கள் முன் அவள் ஒரு கிழவியாகத் தோன்றினாள். பசிக்கிறது என்றாள். சிறுவர்கள் இலைகுழையால் ஒரு கொட்டில் போட்டு அவளை இருத்தி, புக்கை பொங்கிக் கொடுத்தார்கள். பொழுதுபட்டது. விளக்கு வைக்க எண்ணெய் இல்லை. "கடல் தண்ணியை அள்ளி விட்டு ஏற்றுங்கோ" என்றாள் கிழவி. ஏற்றினார்கள், எரிந்தது. பிறகு தலை கடிக்கிறது, பேன் பார்த்துவிடு என்று ஒரு சிறுவனிடம் சொன்னாள். அவன் மயிரை விலக்கிப் பார்த்தால் தலை நிறையக் கண்கள். ஆயிரம் கண்கள். பயந்துபோன சிறுவர்களிடம், வைகாசித் திங்களில் மீண்டும் வருவேன் என்று சொல்லி மறைந்தாள்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது பேன் பார்க்கும் இடம். வேறெந்தத் தெய்வம் தன் தலையைக் குனிந்து ஒரு மாட்டுக்காரப் பொடியனிடம் கொடுத்திருக்கிறது?

அந்தக் கடல்நீர் விளக்குத்தான் இன்றும் திருவிழாவின் உயிர். வைகாசிப் பூரணையை ஒட்டிய ஒரு திங்கட்கிழமையில் பொங்கல். அதற்கு முன்னரே பாக்குத்தெண்டல் என்ற சடங்கோடு வேலைகள் தொடங்கிவிடும். பொங்கலுக்கு முந்திய திங்களன்று சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். வழி நெடுகிலும் வீட்டு வாசல்களில் நிறைகுடம் வைத்துச் சனம் காத்திருக்கும். அங்கே ஒரு கிழமை உப்புநீரில் விளக்கெரியும். ஞாயிறு காட்டா விநாயகருக்குப் பொங்கல். அங்கிருந்து மடைப்பண்டம் வற்றாப்பளைக்குப் புறப்படும். திங்கள் அம்மனுக்குப் பொங்கல். உப்புநீரில் விளக்கு எப்படி எரியும் என்று விஞ்ஞான ஆசிரியை முன்வரிசையில் இருந்து பார்ப்பது தெரிகிறது. ரீச்சர், அந்தக் கேள்வியை நீங்கள் எங்களிடம் அப்போதே கேட்டீர்கள். அப்போதும் நாங்கள் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

திங்களன்று வன்னி முழுவதும் அங்கேதான். யாழ்ப்பாணத்திலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் பஸ்கள் வரும். தூக்குக்காவடி, பாற்செம்பு, கற்பூரச்சட்டி. கொதிக்கிற மணலில் உருளுகிறவர்கள். தண்ணீர்ப் பந்தலில் சர்க்கரைத் தண்ணியும் மோரும். முதலுதவிக் கொட்டிலில் நாங்கள். அங்கே நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் விரதம் இருந்து மயங்கியவர்களையும், கால் கொப்புளித்தவர்களையும், கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்துவிட்டு மூச்சுத் திணறும் தாய்மாரையும்தான்.

அம்மன் என்றால் அம்மாள் வருத்தம் நினைவுக்கு வரும். ஒரு நிமிடம் மட்டும் வைத்தியராகப் பேச அனுமதி தாருங்கள். ஒரு காலத்தில் இந்தப் பெயர் பெரியம்மைக்கும் இருந்தது. அதற்கான அம்மைப்பால் குத்துதல் இலங்கையில் 1802 இல் தொடங்கியது. 1980 இல் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இப்போது மிஞ்சியிருப்பது கொப்புளிப்பான். வேப்பிலை வையுங்கள், வீட்டை ஒதுக்கமாக வைத்திருங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் கர்ப்பிணிக்கும் வளர்ந்தவர்களுக்கும் வந்தால் முதல் நாளே வைத்தியசாலைக்கு வாருங்கள். அதற்கு மருந்து இருக்கிறது, பிந்தினால் அது அவ்வளவாக வேலை செய்யாது. அம்மாளாச்சி கோபிக்கமாட்டாள். கோபித்தால் என்னைக் கோபிக்கட்டும்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

நாம் கூட்டம் கூட்டமாகப் போய்க் கும்பிடுகிற இந்தத் தெய்வம் யார்? கணவனை இழந்த ஒரு பெண். ஆராயாமல் கொடுக்கப்பட்ட தீர்ப்பால் கணவன் வெட்டுண்டான் என்று கேட்டு, ஒற்றைச் சிலம்போடு அரச சபைக்குப் போனவள். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து, இவள் சிலம்பில் இருந்தது மாணிக்கம் என்று உடைத்துக் காட்டியவள். மதுரையை விட்டுப் புறப்படும்போது கொற்றவை கோயில் வாசலில் தன் கைவளையை உடைத்துவிட்டுப் போனாள் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. வளையல் உடைப்பது என்றால் என்ன என்று எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

தமிழ் படிப்பித்த ரீச்சர்மார் என்னைத் திருத்தலாம். பதினான்காம் நாள் கோவலன் வந்து அவளை விண்ணுலகுக்கு அழைத்துப்போனான், ஆகவே அவளைக் கைம்பெண் என்று சொல்லக்கூடாது என்று. அது சேர நாட்டு மலையில் நடந்த கதை. எங்கள் கதையில் அவளை அழைத்துப்போக ஒருவரும் வரவில்லை. நரைத்த தலையோடு, துணையில்லாமல், பசியோடு, நந்திக்கடல் ஓரத்தில் வந்து நின்றாள். வன்னி அவளை அப்படித்தான் கண்டது. அப்படியே ஏற்றுக்கொண்டது.

எல்லா இடத்திலும் அப்படி ஏற்றுக்கொள்ளவில்லை. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கைக் கயவாகு மன்னனும் அங்கே இருந்தான் என்று சிலப்பதிகாரம் சொல்லும். சிங்கள மக்கள் அவளைப் பத்தினித் தெய்யோ என்று வணங்குகிறார்கள். கண்டிப் பெரஹராவில் அவளுடைய தேவாலயத்துக்கும் இடமுண்டு. கணநாத் ஒபயசேகர பத்தினி வழிபாட்டைப் பற்றி 1984 இல் ஒரு பெரிய நூலே எழுதினார். மட்டக்களப்பில் வைகாசியில் கதவு திறந்து, கண்ணகி வழக்குரை பாடி, குளிர்த்தியோடு முடிப்பார்கள். ஆனால் யாழ்ப்பாணத்தில் வேறு விதமாக நடந்தது. ஆறுமுக நாவலர் கண்ணகி வழிபாட்டை ஏற்கவில்லை. அது சைவ ஆகமத்துக்குள் வராத வழிபாடு என்பது அவர் கட்சி. பின்னாளில் அங்கே பல கண்ணகி கோயில்கள் இராஜராஜேஸ்வரி என்றும் புவனேஸ்வரி என்றும் பெயர் மாறின. நாவலருடைய கல்விப் பணிக்கு நாம் கடன்பட்டவர்கள், அதில் மறுபேச்சில்லை. ஆனால் அந்தப் பெயர் மாற்றத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். தனித்து நின்ற பெண் சிவனுடைய தேவியானாள். கைம்பெண்ணுக்குத் தாலி கட்டி உள்ளே எடுத்தார்கள் என்று நான் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

வற்றாப்பளை அம்மன் இன்றும் கண்ணகிதான். அதில் எனக்குப் பெருமை. அந்தப் பெருமையோடுதான் கேட்கிறேன்: அவளைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நாம் என்ன செய்கிறோம்?

ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறேன். ஊரைச் சொல்லமாட்டேன், அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியும் இருக்கிறேன். நாற்பதை எட்டாதவர். கணவர் போரின் கடைசி மாதங்களில் செல் விழுந்து இறந்தவர். இரண்டு பிள்ளைகளை வயல் வேலை செய்து வளர்த்தவர். கிளினிக்குக்கு மூன்று முறை வந்தார். முதல்முறை தலைவலி. இரண்டாம் முறை நித்திரை இல்லை. மூன்றாம் முறை எழுந்து போகிற நேரத்தில், கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு, "மூத்தவள் சாமத்தியப்பட்டிட்டாள் டொக்டர்" என்றார். அது நல்ல செய்தி அல்லவா என்றேன். "ஆலத்தி எடுக்க ஆளைத் தேடுகினம்" என்றார்.

அவ்வளவுதான். பிள்ளையைப் பெற்று, பதுங்கு குழிக்குள் மடியில் போட்டு மூடி, முகாமில் வரிசையில் நின்று சோறு வாங்கிக் கொடுத்து, பள்ளிக்கூடம் அனுப்பி ஆளாக்கிய கை, அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே ஒரு தட்டைச் சுற்றக்கூடாது. கண் பட்டுவிடுமாம். கணவனின் ஒன்றுவிட்ட தங்கை கனடாவிலிருந்து வருகிறார், அவர் எடுப்பார், தாய் குசினிக்குள் நிற்கட்டும் என்று பேச்சு.

இதற்கு எழுதிக்கொடுக்க என்னிடம் துண்டு இல்லை.

பிறகு நடந்ததை அவரே அடுத்த கிளினிக்கில் சொன்னார். மகள் முரண்டு பிடித்தாள்: அம்மா எடுக்காவிட்டால் எனக்குத் தண்ணி வார்ப்பும் வேண்டாம், சீலையும் வேண்டாம் என்று. பெரியவர்கள் அதட்டினார்கள். அப்போது கணவனின் தாயார், அவரும் கைம்பெண், மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவர், ஒரு வார்த்தை கேட்டாராம்: "அம்மாளாச்சிக்குப் பொங்கின கை, என்ர பேத்திக்கு ஆலத்தி எடுத்தால் குறைஞ்சு போமோ?"

ஒருவருக்கும் பதில் இல்லை. வைகாசித் திங்களில் வற்றாப்பளை வீதியில் அந்தப் பெண் தன் கையால் அடுப்பு மூட்டிப் பொங்கிப் படைத்ததை எல்லோரும் கண்டவர்கள். அம்மன் வேண்டாம் என்று சொல்லவில்லை. மருமகளும் மாமியும் ஒரு தட்டை இரண்டு பக்கமும் பிடித்து ஆலத்தி எடுத்தார்கள். ஒரு வான் நிறைய உறவுகள் சாப்பிடாமல் போனார்களாம். மிஞ்சிய சோற்றை அயலுக்குக் கொடுத்தார்களாம். அத்தோடு அவருடைய தலைவலி மாறிவிட்டது என்று சொன்னால் உரை நன்றாக இருக்கும். மாறவில்லை. அவருக்கு உயர் குருதியமுக்கம். இன்னும் மருந்து எடுக்கிறார். ஆனால் நித்திரை வருகிறது.

இது வன்னியில் மட்டும் உள்ள வழக்கம் இல்லை. ரொறன்ரோவில், இலண்டனில், பாரிஸில் இருந்து வந்தவர்கள் ஏன் தலையைக் குனிகிறீர்கள்? சாமத்திய வீட்டுக்குப் பிள்ளையை ஹெலிகொப்டரில் கொண்டுவந்து இறக்கும் துணிவு நமக்கு வந்துவிட்டது. தாய் முன்னுக்கு வந்து நிற்கும் துணிவுதான் இன்னும் விமானம் ஏறவில்லை.

எங்கள் மாவட்டங்களில் இது ஒன்றிரண்டு வீட்டுப் பிரச்சினை அல்ல. இலங்கை முழுவதுமே ஏறக்குறைய நான்கு குடும்பங்களில் ஒன்றைப் பெண்தான் தலைமை தாங்குகிறாள். போர் கடைசியாகத் தங்கிய ஊர்களில் நிலைமை எப்படி இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். என் வகுப்பில் என்னோடு இருந்தவர்களை எண்ணிப் பார்த்தேன். பெயர் சொல்லப் போவதில்லை. அவர்களில் சிலர் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். பின்வரிசையில் இருக்கிறார்கள்.

அவர்களுக்குள்ளும் இன்னொரு கூட்டம் உண்டு. கணவன் இறந்தான் என்றும் இல்லை, இருக்கிறான் என்றும் இல்லை. 2009 மே மாதத்தில் வட்டுவாகல் பாலத்தடியில் கையில் பிடித்துக் கொடுத்தவனைப் பிறகு காணவில்லை. மரணச் சான்றிதழ் எடுத்தால் நாமே கொன்ற மாதிரி. எடுக்காவிட்டால் காணியும் வங்கிக் கணக்கும் அசையாது. 2016 இல் சட்டத்தைத் திருத்தி, காணாமற்போனவர் என்பதற்கே ஒரு சான்றிதழ் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். அதனால் காகித வேலைக்கு ஒரு வழி பிறந்தது. நெற்றிக்கு? பொட்டு வைத்தால் "புருசன் எங்கையெண்டு தெரியேல்ல, இவவுக்குப் பொட்டு" என்கிறது ஊர். அழித்தால் "அவனைச் சாகடிச்சிட்டாள்" என்கிறது அதே ஊர். 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தாய்மாரும் மனைவிமாரும் படங்களோடு உட்கார்ந்தார்கள். நான்கு நாளில் வவுனியா. மார்ச் 8 ஆம் திகதி, பெண்கள் தினத்தன்று, முல்லைத்தீவு. எத்தனையோ பேர் பதில் கேளாமலே கண்ணை மூடிவிட்டார்கள். சபைக்குப் போன கண்ணகிக்குக் குறைந்தது அரசன் முகம் கொடுத்தான். தன் பிழையை ஒப்புக்கொண்டு விழுந்து செத்தான்.

நந்திக்கடலுக்கு அப்பால் உள்ள நிலத்துண்டைப் பற்றி முன்னே சொன்னேன். முள்ளிவாய்க்கால். மே 18 என்பது வைகாசி பிறந்து சில நாளில் வருவது. அன்று அங்கே விளக்கேற்றுவோம், கஞ்சி காய்ச்சிக் கொடுப்போம். அதற்குப் பின் சில ஆண்டுகளில் ஓரிரு நாளில், சில ஆண்டுகளில் இரண்டு மூன்று கிழமையில், களப்புக்கு இந்தப் பக்கம் பொங்கல் வந்துவிடும். அதே பெண்கள்தான் அங்கே கஞ்சிச் சட்டியைக் கிளறியவர்கள். இங்கே பொங்கல் பானையை இறக்குபவர்கள். புலம்பெயர்ந்த சில நண்பர்கள், "இந்த மாதத்தில் எப்படித் திருவிழா கொண்டாட மனம் வருகிறது?" என்று என்னைக் கேட்டதுண்டு. அது கொண்டாட்டம் என்று யார் சொன்னது? வீதியில் நின்று அந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்தால் தெரியும். பொங்கி வழியும்போது குரவையும் வருகிறது, அழுகையும் வருகிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள வன்னியில் அவர்களுக்கு இருக்கிற இடம் அதுதான்.

கத்தோலிக்கத் தோழிகள், "இது உங்கட கோயில் கதை" என்று இருந்துவிடாதீர்கள். மடுவுக்கு நாங்களும் வந்தவர்கள், வற்றாப்பளைக் கச்சானை நீங்களும் சாப்பிட்டவர்கள். உங்கள் வீட்டுக் கலியாணத்தில் பெண்ணை அழைத்து வரும்போது வாசலில் யாரை ஒதுங்கச் சொல்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள்.

சரி, என் கோரிக்கைக்கு வருகிறேன். இது பொதுச் சபைக்கு ஏற்கெனவே எழுத்தில் கொடுத்திருப்பதுதான். எங்கள் சங்கக் கூட்டங்களிலும் பரிசளிப்பு விழாவிலும் மங்கல விளக்கேற்றும்போது, யாரை அழைப்பது என்று ஒரு கிசுகிசுப்பு நடக்கிறதே, அது இனி வேண்டாம். வயதில் மூத்த மாணவி, இளைய மாணவி, அந்த ஆண்டுப் பொறுப்பாளர் என்று பதவிப்படி, வகுப்புப்படி அழைப்போம். அவர் கழுத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை என்பதைக் குறிப்பேட்டில் தீர்மானமாக எழுதுவோம். நூறு வருடமாக ஏற்றிய விளக்கு அதனால் அணைந்துவிடாது. உப்புத்தண்ணியில் எரிகிற விளக்கை நாங்கள் பார்த்தவர்கள்.

இரண்டாவது, எங்கள் தொகுதி எடுத்த முடிவு. வருகிற வைகாசியில் ஒன்றாகப் போய் வற்றாப்பளையில் ஒரு பானை பொங்குகிறோம். முதல் பிடி அரிசி போடப் போவது எங்களுக்குள் துணையை இழந்தவர்களும் துணையைத் தேடிக்கொண்டிருப்பவர்களும். மற்றவர்கள் விறகு தள்ளலாம், தேங்காய் துருவலாம். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் திகதியைக் கோயில் அறிவித்ததும் பயணச்சீட்டை எடுங்கள். கடைசி நேரத்தில் கிடைக்காது. பஸ் ஞாயிறு பின்னேரம் பாடசாலை வாசலிலிருந்து புறப்படும். வெறுங்காலோடு மத்தியானத்தில் வீதி சுற்றப் போகிறவர்கள் பாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் விரதம் பிடிப்பதற்கு முதல் என்னோடு கதையுங்கள். மருந்தைப் பனிப்பெட்டியில் வைத்துக் கொண்டு வாருங்கள். செயலாளர் அக்கா, மன்னிக்க வேண்டும், நீரிழிவைப் பற்றிப் பேசிவிட்டேன்.